எல்லாம் மற

இல்லண்ணே, நானாப் போகல, கம்பெனிதான் அனுப்புச்சு. கையுறை மெஷின்கிட்ட சண்ட போட்டேன்னு எங்க சூப்பர்வைசரு கோர்ஸுக்கு என் பேரக் குடுத்துட்டாரு. தப்பு மெஷின் மேலதாண்ணே. கோர்ஸு பேரு ஹோலிஸ்டிக்கு. ஸ்டிக்குன்னதும் ரோத்தான் பெரம்பால நாலு போட்டுத் திருத்துவாங்க போலன்னு பயந்துட்டேன். போனா, திங்கக் கறிபாப் குடுத்து ஏசில உக்கார வைக்கிறாங்கண்ணே!

சொல்லிக் குடுத்த ஷீலா டீச்சர் நல்லாத்தான் பேசுனாங்க. நெனப்பு உணர்ச்சியாவுமாம், உணர்ச்சி நடத்தையாவுமாம். நெனப்ப மாத்துனா ஆளே மாறிருவானாம். நானும் அன்னைக்கே மாறிட்டேண்ணே. வீட்டுக்கு வர்றேன், என் வீட்டுக்காரி பிரேமாவதி மீன் பொரிக்கிறா. எண்ண கையில தெறிச்சு அய்யோன்னு கத்துறா. நான் ரொம்பப் பொறுமையாக் கேட்டேன், பிரேமா, இந்தக் கத்தலுக்குப் பின்னாடி என்ன நெனப்பு இருக்கு?

சிரிக்காதீங்கண்ணே. அவ சிரிக்கல. பேக்கத் தூக்கிக்கிட்டு சுங்கை லாலாங்ல அவ அண்ணன் முனியாண்டி வீட்டுக்குப் போயிட்டா.

மெசேஜா? அனுப்பாம இருப்பனா? அதுலதான் கெட்டுச்சு. எல்லாம் மறன்னு போட்டேன். நடந்தத மறந்துட்டு வா தாயின்னு அர்த்தம். நமக்குத்தான் போன்ல தமிழ் எழுத்து வராதே, இங்கிலீஷ் எழுத்துல அடிச்சேன். என் போனு மலாய் போனு. கடைசில அதுவா ஒரு எழுத்தச் சேத்து மாரான்னு ஆக்கிருச்சு. மலாய்ல மாரான்னா என்ன? கோவம்! இங்க எல்லாரும் கோவமா இருக்கோம்னு போயிருச்சு. எல்லாரும்னா யாருண்ணே? வீட்ல நானும் தொட்டில ரெண்டு மீனும்தான்.

ஓகே, எல்லாரும் மாராவாவே இருங்கன்னு பதில் போட்டுட்டா.

போன் பண்ணலாம்தான். வாயத் தொறந்தா கோர்ஸு வந்துருது, என்ன செய்ய? அவ இல்லாம வீடு நல்லாவே இல்லண்ணே. சோறு வச்சா கஞ்சியாவுது. அடுப்படிக்குப் போனா அந்தக் கைதான் ஞாபகம் வருது. கொப்புளம் போட்டுச்சோ என்னவோ, அதைத்தானே மொதல்ல கேட்டிருக்கணும்? அதான் நேர்லயே கூப்புட்டுப் பாப்போம்னு உங்க வண்டிய புக் பண்ணேன். மருந்துகூட வாங்கி வச்சிருக்கேன், பாருங்க.

இல்லண்ணே, லொக்கேஷன் தப்பில்ல. அந்தப் பச்ச கேட்டு வீடுதான். நீங்க வண்டிய நிறுத்துனப்பவே எனக்குத் தெரியும். நெனப்ப மாத்திட்டேன், கோவமும் இல்ல, இந்தக் காலுதான் எறங்க மாட்டேங்குது. அதான் சும்மா பேசிக்கிட்டே இருக்கேன்.

ஜன்னல்லயா? ஆமா, அவதான். நான் பேச ஆரம்பிச்சதுலேருந்து அங்கயேதான் நிக்கிறா. வெளியவும் வர மாட்டேங்குறா, உள்ளயும் போவ மாட்டேங்குறா. ஏண்ணே, இவளையும் யாராச்சும் கோர்ஸுக்கு அனுப்பிட்டாங்களா?