கஸ்பார் கடைக்கு வழி

தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியர் அந்தோணிமுத்து அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, கணவர் கஸ்பாரைப் பறிகொடுத்து அமர்ந்திருக்கும் சகோதரி இருதயமேரி அவர்களே, கஸ்பார் கடை வாசலில் இந்தச் சிலிபின் சந்து கொள்ளாமல் நிற்கும் அன்பர்களே! ஈப்போவில் மசாலா மில் நடத்தும் முகம்மது கௌஸ் பேசுகிறேன். மோட்டார் மேதை கஸ்பார் அவர்களைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசும்படி தலைவர் சொன்னார். புகழத்தான் வந்தேன். ஆனால் இவ்வளவு பெரிய கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தாறாம் வருஷத்து வெள்ளத்தை யார் மறந்திருப்பீர்கள்? என் மில்லுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு, காய்ந்துவிட்டது என்று நம்பி மின்சார மோட்டாரை ஓட்டினேன். புகைந்து நின்றுவிட்டது. நோன்பு மாதமோ நெருங்குகிறது. மிளகாயும் மல்லியும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. மோட்டாரை விற்ற கம்பெனிக்காரரிடம் ஓடினேன். சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டும், எப்போது திரும்பும் என்று சொல்வதற்கில்லை என்றார். கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதுக்கம்பி சுற்றித் தர இந்த ஊரில் ஓர் ஆள் கூடவா இல்லை? கஸ்பார் என்று ஒருவர் இருப்பதாகக் காதில் விழுந்தது. எங்கே இருக்கிறார்? அதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை!

இதோ மேடையில் இருக்கிறாரே மரமில் ராமையா அண்ணன், அவரிடம் கேட்டேன். அந்த ஆள் பீடோருக்குப் போய் வெகுநாளாகிறது என்றார். பீடோருக்குப் போனேன். வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஈப்போவுலேருந்தா வாரீங்க? அந்தாளு உங்க சிலிபின்லதானே இருக்காரு."

திரும்பி வந்து இந்தச் சந்துக்குள் நுழைந்தேன். என்ன கண்டேன் தெரியுமா? கஸ்பாரின் மேசை மேல் ராமையா அண்ணனின் மோட்டார்! பக்கத்திலேயே அண்ணன் நிற்கிறார். என்னை இப்படி அலைய விட்டீர்களே என்று முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "கோவிச்சுக்காதீங்க பாய். ஊருக்கெல்லாம் தெரிஞ்சா இங்க கூட்டம் கூடிரும், நம்ம வேல பின்னால போயிடும்லா" என்றார்.

கூட்டமா? எந்தக் கூட்டம்? அந்த மேசையில் இருந்ததே அந்த ஒரு மோட்டார்தான்.

ராமையா அண்ணனை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? அச்சாபீஸ்காரர் சொன்னாரா? ஐஸ் கம்பெனிக்காரர் சொன்னாரா? நமக்கு முன்னால் இன்னொருவர் போய்விடக் கூடாதென்று ஆளாளுக்குக் கஸ்பாரை ஒளித்து வைத்தீர்களே! வெள்ளத்தில் நனைந்த மோட்டார்களெல்லாம் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறின. இங்கே அந்த மனிதர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் வேலையைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? என் மோட்டாரைச் சுற்றி முடித்துத் தாமே மில்லுக்குக் கொண்டு வந்து பூட்டினார். போங்கள் என்றால் போகவில்லை. மிளகாய் நெடியில் தும்மித் தும்மிக் கண் சிவந்து, முதல் மூட்டை அரைபடும் வரை மோட்டார் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். சூடு ஏறவில்லை என்று தெரிந்த பிறகுதான் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்த மோட்டார் இன்றைக்கும் ஓடுகிறது.

போர்டு ஒன்று மாட்டுங்கள் என்று அவரோடு சண்டையே போட்டேன். "போர்டு என்னாத்துக்கு பாய்? நம்ம சுத்துன மோட்டாரு ஓடுது. வச்சிருக்கவங்க நாலு பேருகிட்ட சொல்ல மாட்டாங்களா?" என்றார். நம்மை நம்பினார், அன்பர்களே! நம்மைப் போய் நம்பினார்!

வேலை இல்லாமல்தான் ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் ஸ்டோருக்கு இஞ்சின் பார்க்கப் போனார். அங்கே காய்ச்சல் கண்டது. பெட்டியில் திரும்பி வந்தார். சிலிபினில் மேசை நிறைய வேலை இருந்திருந்தால் அவர் எதற்காக அந்தக் காட்டுக்குப் போகிறார்?

இதோ நிற்கிறார் அவருடைய தம்பி செபாஸ்டியன். அதே மேசையில் அண்ணனோடு உட்கார்ந்து கம்பி சுற்றியவர். கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறார். ஆனால் அந்தத் தோட்டத்துத் துரை, அண்ணன் பார்த்த இஞ்சினுக்குத் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் இங்கே வேலை வராவிட்டால் அவரும் போகத்தான் வேண்டும். சகோதரி இருதயமேரி நேற்று என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இவரையும் அங்க போக வச்சிராதீங்க பாய்."

ராமையா அண்ணன் கொண்டு வந்த மாலைதான் இங்கே பெரிது. பார்த்தேன். மாலை போதாது அண்ணே! மோட்டார் மேதை கஸ்பார் அவர்களின் பெயரால் இந்த இடத்திலேயே உறுதி சொல்வோம். இனி எவர் கருகிய மோட்டாரோடு இந்த ஊர் வீதியில் நின்றாலும், கையைப் பிடித்து இங்கே கூட்டி வருவோம். என் இன்னொரு மோட்டாரின் பேரிங்கு கத்துகிறது. நாளைக் காலையில் அது செபாஸ்டியன் மேசையில் இருக்கும். அது தனியாக இருக்கக் கூடாது.

வழி தெரியாது என்று மட்டும் இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். போர்டு இல்லாத இந்தக் கடைக்கு இன்று இத்தனை பேர் வந்திருக்கிறீர்களே, உங்களில் ஒருவராவது வழி கேட்டீர்களா?