ஆளுக்கு மூன்று கோப்பு

என் பெயரும் கணவர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் முதல் தாளில் தனியாக எழுதப்பட்டுள்ளன. தெருவில் என்னைப் பிரிண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தேழு. பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில், பல் மருத்துவருக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில், பதினொரு வருடமாகக் கம்ப்யூட்டர் கடை நடத்தி வருகிறேன். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவது, பிரிண்ட், ஜெராக்ஸ், லேமினேஷன் ஆகியவை என் தொழில். கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறேன். இதற்கு முன் என் மீது எந்தப் புகாரும் கிடையாது. இன்று புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் காவல் நிலையத்தில் இந்த வாக்குமூலத்தைச் சொல்லத் தொடங்குகிறேன். காலை ஒன்பதரைக்கே என்னை அழைத்து வந்துவிட்டார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதப்பட்டது.

செவிலியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு நாளை வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நடக்கிறது. அதற்கான அழைப்புக் கடிதத்தைத் தேர்வு வாரியம் தபாலில் அனுப்பாது. அவரவரே வாரியத்தின் இணையதளத்தில் டவுன்லோடு செய்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அழைப்புக் கடிதம், மருத்துவப் படிவம், உறுதிமொழிப் படிவம் என்று ஆளுக்கு மூன்று கோப்பு. மூன்றிலும் அவரவர் பதிவு எண் அச்சாகியே வருவதால் ஒருவருடையதை ஜெராக்ஸ் எடுத்து இன்னொருவர் கொண்டுபோக முடியாது. ஒரு தாள் குறைந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடிதங்களைத் திங்கட்கிழமை இரவு வெளியிட்டார்கள். புதன் மாலை ஐந்து மணிக்கு, அதாவது இன்றைக்கு, அந்தப் பக்கத்தை மூடிவிடுவதாக அறிவிப்பு.

நேற்று செவ்வாய்க்கிழமை பின்னலாடை ஆலை விடுதிக்கு வார விடுமுறை. அங்கிருந்து நாற்பது பெண்கள் விண்ணப்பித்திருந்தார்கள். நாற்பதும் என் கடையில் நான் போட்டுக் கொடுத்த விண்ணப்பங்கள். விடுதியில் கேமரா உள்ள போனுக்கு அனுமதி இல்லாததால் எல்லோரிடமும் இருப்பது பட்டன் போன். ஆகவே காலை ஒன்பது மணிக்கு நாற்பது பேரும் வந்து வரிசையில் நின்றார்கள். வரிசை பல் மருத்துவர் வாசலைத் தாண்டிப் போனது. அவர் வெளியே வந்து, இத்தனை பேருக்கும் ஒரே நாளில் பல்வலியா என்று சந்தோஷமாகக் கேட்டார். இல்லை என்றதும் உள்ளே போய்விட்டார்.

முதல் பெண்ணுக்கு மூன்று கோப்பும் வந்தன. அதன் பிறகு இரண்டாவது பெண்ணின் பதிவு எண்ணைத் தட்டியதும் திரையில், ஒரு பார்வையாளர் ஒரு நாளைக்கு மூன்று கோப்புகள் மட்டுமே பெறலாம், உங்கள் வரம்பு முடிந்தது, நாளை வாருங்கள் என்று வந்தது. பக்கத்தை மூடித் திறந்தேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், கடையில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரிலும் முயன்றேன். எல்லாவற்றிலும் நாளை வாருங்கள். நாளை வந்தால் இன்னும் ஒரே ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும். மீதி முப்பத்தெட்டுப் பேர் எந்த நாளைக்குப் போவார்கள் என்று திரையில் போடவில்லை.

அதன் பிறகு இணையதளத்தில் கொடுத்திருந்த உதவி எண்ணுக்குப் பதினான்கு முறை அடித்தேன். பதினைந்தாவது முறை ஒருவர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். போன வருடம் யாரோ மொத்தக் கோப்புகளையும் அள்ளிக்கொண்டு போனதால் தளம் படுத்துவிட்டது என்றும், அதனால் இந்த வருடம் கட்டுப்பாடு வைத்திருக்கிறோம் என்றும் சொன்னார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன். ஆனால் என் கடையில் இருப்பது ஒரே இணைப்பு, அதில் வருகிறவர்கள் வேறு வேறு ஆட்கள் என்றேன். அவர் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

"எங்க சிஸ்டம் இணைப்பைத்தான் பாக்கும், ஆளைப் பாக்காது. எங்க கணக்குல நீங்க ஒரே ஆள்தான் மேடம்."

வாசலில் முப்பத்தொன்பது பேர் வெயிலில் நிற்கிறார்கள், வேண்டுமானால் ஒவ்வொருவரையும் பேச வைக்கிறேன் என்றேன். லைனைத் துண்டித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் மவுஸைத் தூக்கிப் போட்டேன். அது உடைந்தது. அந்த உடைந்த மவுஸும் இன்று கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில் ஐந்தாவதாக இருக்கிறது.

அதன் பிறகு என் சொந்தப் போனில், சிம் நெட்டைப் போட்டு முயன்றபோது இரண்டாவது பெண்ணின் மூன்று கோப்பும் வந்துவிட்டன. போனுக்குத் தனி இணைப்பு என்பதால் தளத்தின் கண்ணுக்கு அது வேறு ஆள். ஒரு போனுக்கு ஒரு பெண் என்று எனக்குப் புரிந்தது. அப்போது வரிசையில் இருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். ஆலையில் பொத்தான் தைக்கும் பிரிவில் வேலை செய்வதால் அவளை மற்றவர்கள் பொத்தான் என்று கூப்பிடுவார்கள். அவள், "அக்கா, போன் கடனா கேக்கலாமா? நான் போய்க் கேக்கறேன்" என்றாள். யாரிடம் கேட்பாய் என்றேன். பேருந்து நிலையத்தில் அத்தனை பேர் போனைப் பார்த்துக்கொண்டு சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள்.

அதன் பிறகு நடந்தது இதுதான். பொத்தான் போய்க் கேட்பாள், சிலர் திட்டுவார்கள், சிலர் வருவார்கள். போனுக்குச் சொந்தக்காரர் என் கடையில் உட்கார்ந்திருக்க, அவர் கண் முன்னால் மூன்று கோப்பை இறக்கி, கேபிள் போட்டு என் கம்ப்யூட்டருக்கு மாற்றி, போனில் இருந்து அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். கொடுப்பதற்கு முன்னால் பொத்தான் ஒவ்வொரு போனின் கண்ணாடியையும் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தாள். ஒரு பேருந்து ஓட்டுநர், வண்டி எடுக்க ஆறு நிமிடம் இருக்கிறது என்று கொடுத்துவிட்டு ஒன்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். வெளியே பயணிகள் கத்தினார்கள். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், என்னைக் கை கழுவிவிட்டு வரச் சொல்லிக் கொடுத்தார். பல் பிடுங்கிக்கொண்டு வந்த ஒருவர், வாயில் பஞ்சு இருந்ததால் எதற்கு என்று கேட்காமலே கொடுத்துவிட்டார். செருப்புத் தைப்பவரின் போனில் திரை பாதி கறுப்பாக இருந்ததால் குத்துமதிப்பாகத் தட்ட வேண்டியிருந்தது, ஆனாலும் வந்தது. என் போனையும் சேர்த்து முப்பத்தெட்டுப் போன்கள். மாலை நாலரை மணிக்குள் முப்பத்தொன்பது பெண்களுக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

நாற்பதாவது ஆள் பொத்தான். காலையில் இருந்து மற்றவர்களுக்காக ஓடியதில் அவள் தன் இடத்தை விட்டுவிட்டாள். பேருந்து நிலையத்தில் கேட்காத ஆள் மீதி இல்லை, விடுதிக் கதவு அடைக்கும் நேரமும் வந்துவிட்டது. நான் அவளிடம், "நாளைக்குக் கடை தொறந்ததும் முதல் பிரிண்ட் உன்னுதுதான். நீ ஷிப்டுக்குப் போ, முடிஞ்சு விடுதிக்குத் திரும்பற வழியில வாங்கிக்கோ" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு ஓடினாள். அவளுக்கு அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டுகிறது. இந்த வருடம் விட்டால் இனி விண்ணப்பிக்கவே முடியாது. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அதன் பிறகு நான் செய்ததுதான் என் வாழ்க்கையிலேயே நான் செய்த பெரிய முட்டாள்தனம். மேற்படி இணையதளத்தில் குறைகளைத் தெரிவிக்க என்று ஒரு பகுதி இருக்கிறது. மற்ற ஊர்களிலும் இப்படித் திண்டாடுவார்களே என்று, நடந்த அத்தனையையும் வரிசையாக எழுதினேன். இணைப்பைப் பார்க்காமல் பதிவு எண்ணைப் பார்த்து ஆளுக்கு மூன்று என்று வைத்தால் யாருக்கும் கஷ்டம் இல்லை என்று யோசனையும் சொன்னேன். முப்பத்தெட்டுப் போனில் இறக்கினேன் என்று நானே எழுதினேன். கடை முகவரியையும் நானே போட்டேன். அதைத்தான் இப்போது என் ஒப்புதல் என்று புகாரோடு இணைத்திருக்கிறார்கள். குறையைத் தெரிவிக்கச் சொன்னது அவர்கள்.

இன்று காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கிக் கம்ப்யூட்டரைப் போட்டேன். பொத்தானின் எண்ணைத் தட்ட உட்காரும்போது இன்ஸ்பெக்டரும் இரண்டு காவலர்களும் வந்தார்கள். இரண்டே நிமிடம் கொடுங்கள், ஒரு பெண்ணின் கடிதத்தை மட்டும் எடுத்துவிடுகிறேன் என்று கேட்டேன். எதையும் தொடக்கூடாது என்று வயரைப் பிடுங்கினார்கள். கம்ப்யூட்டர் இரண்டு, பிரிண்டர், என் போன், எல்லாம் கைப்பற்றப்பட்டன. நிலையத்துக்கு வந்த பிறகும் வீட்டுக்கு ஒரு போன் பேச அனுமதி கேட்டேன், வாக்குமூலம் முடியட்டும் என்றார்கள். வாக்குமூலத்தைத் தொடங்கவே பிற்பகல் மூன்று பத்து ஆக்கிவிட்டார்கள்.

பதினொரு மணிக்கு வாரியத்தின் இணையதளப் பராமரிப்பாளர் வந்தார். வாயைத் திறந்ததுமே உதவி எண்ணில் பேசியவர் இவர்தான் என்று தெரிந்துகொண்டேன். முப்பத்தெட்டுக் கருவிகளைத் திரட்டி ஒருங்கிணைந்த தாக்குதல் நடத்தியதாக அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். செருப்புத் தைப்பவரின் பாதி கறுத்த போன் அவருக்குத் தாக்குதல் கருவி. அவரிடம் இன்ஸ்பெக்டர் முன்னிலையில், உங்கள் வீட்டில் எத்தனை பேர், எத்தனை இணைப்பு என்று கேட்டேன். நாலு பேர், ஒரே இணைப்பு என்றார். "அப்ப உங்க வீட்டுல நாலு பேரும் ஒரே ஆளா?" என்றேன். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

அதன் பிறகு கட்டுப்பாடு எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்காகப் பராமரிப்பாளர் நிலையத்தின் கம்ப்யூட்டரில் வாரியத்தின் அறிவிப்புக் கையேட்டை டவுன்லோடு செய்தார். இன்ஸ்பெக்டர் ஒருமுறை செய்து பார்த்தார். ஓர் ஏட்டும் செய்து பார்த்தார். நான்காவதாக இன்ஸ்பெக்டர் மறுபடி தட்டியபோது நாளை வாருங்கள் என்று வந்தது. மற்ற நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். நிலையத்தின் மூன்றும் இப்படி வீணாய்ப் போயின; பொத்தானின் மூன்று கோப்பை அதிலேயே எடுத்திருக்கலாம்.

முப்பத்தெட்டுப் போன்களின் சொந்தக்காரர்கள் பெயரைக் கேட்டார்கள். பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது; தெரிந்ததையும் சொல்ல மாட்டேன். சொன்னால் ஒவ்வொருவர் போனையும் பிடுங்கி இங்கே மேஜையில் அடுக்குவார்கள். அவர்கள் எனக்காகக் கொடுக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து கேட்டாள், அவளுக்காகக் கொடுத்தார்கள். அடுத்த முறை இன்னொரு பெண் கேட்டால் கொடுக்க வேண்டும் அல்லவா. இதற்கு என்ன தண்டனையோ எனக்கே கொடுக்கட்டும்.

நான் எதையும் திருடவில்லை. அவரவர் கடிதத்தை அவரவரிடம் கொடுத்தேன். கோப்பு குறைந்ததாகப் புகார் இல்லை, தளம் படுத்ததாகவும் புகார் இல்லை. நடந்த ஒரே நஷ்டம் பொத்தானுடையது. அவள் இப்போது ஆலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள், நான் எடுத்து வைத்திருப்பேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த நஷ்டத்துக்கு யார் மேல் புகார் எழுதுவது என்று கேட்கிறேன். அவளுடைய பதிவு எண்ணும் பிறந்த தேதியும் எனக்கு மனப்பாடம். சொன்னேன். அப்போது மணி நான்கு பதினெட்டு. இன்ஸ்பெக்டர் நிலையத்தில் இல்லை.

இந்த இடத்தில், எழுதிக்கொண்டிருக்கும் பெண் காவலர் பேனாவை வைத்துவிட்டு, "அக்கா, அந்த நம்பரை இன்னொரு தடவை நிதானமாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அதன் பிறகு தண்ணீர் குடிப்பதற்காக வாக்குமூலம் நிறுத்தப்பட்டு, நான்கு முப்பத்தைந்துக்குத் தொடர்ந்தது.

இடையில் நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. ஆனால் பதினொரு வருடமாகப் பிரிண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவள் நான். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடினாலும் எத்தனை தாள் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். பக்கத்து அறையில் மூன்று தாள் வந்தது. நான்கு நாற்பதுக்கு என் கைப்பை என்னிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதில் மடங்காமல் இருக்க ஓர் அட்டையோடு சேர்த்து வைத்த மூன்று தாள்கள் இருந்தன. நான் வைத்தவை அல்ல. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

இதை எழுத வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று எழுதுபவரிடம் சொன்னேன். "நீங்க சொல்றதை எழுதறதுதான் என் வேலை. சொல்லுங்க" என்றார். எழுதியிருக்கிறார்.

மேலே உள்ளது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. புகாரில் ஒரு திருத்தம் மட்டும் உண்டு. போன்களின் எண்ணிக்கை முப்பத்தெட்டு என்று இருக்கிறது, அது முப்பத்தொன்பது. கடைசிப் போன் யாருடையது என்பதையும் நான் சொல்ல மாட்டேன்.

(ஒப்பம்)
பிரிண்டக்கா