மூன்றாம் கட்டத்தில் கோடாலிக்காரன்

மீன் கூடையுடன் வருபவர்கள் வியாபாரிகளுக்கான பெட்டியில்தான் ஏற வேண்டும் என்பது ரயில்வே விதி. அன்று காலை தாம்பரத்தில் ஓர் அம்மாள் கூடையுடன் எங்கள் பெட்டியில் ஏறி, காட்டாங்குளத்தூர் போகும் இரண்டு கல்லூரி மாணவர்களுக்கு எதிரே அமர்ந்தார்.

கண்ணாடி போட்டவன் நண்பனிடம் சொன்னான்: "மூணாவது கட்டம்தான் மச்சான் பிரச்சினை. நேத்து மட்டும் நாப்பது தடவை செத்தேன்."

அம்மாள் நிமிர்ந்தார். "மூணாங் கட்டத்துல இன்னா கீது தம்பி?"

"ஒரு ராட்சசன்க்கா. ரெண்டு கையிலயும் கோடாலி. ஒரே ரத்தம்."

"அப்ப செவ்வாய்தான். ஜாதகத்த ஆர் எய்தனது?"

"ஜாதகம் இல்லக்கா, கம்ப்யூட்டர் கேம்," என்றான் நண்பன். "முதல் பார்ட்டை ரெண்டே நாள்ல முடிச்சான். ரெண்டாவது பார்ட்ல மூணாவது கட்டத்துல மாட்டிக்கிட்டான்."

கண்ணாடிக்காரன் அச்செடுத்து வைத்திருந்த படத்தை நீட்டினான்.

"ஆளு ஏன் சதுரம் சதுரமா கீறான்?"

"அதான்க்கா ஸ்டைல். பழைய வீடியோ கேம் மாதிரி வேணும்னே வரைஞ்சது. ரத்தம்கூட சதுரமாத்தான் கொட்டும்."

"சதுர ரத்தத்துக்கா இம்மா பேஜாரு?"

"இந்த ராட்சசனைத் தாண்டுற வரைக்கும் புக்கைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கான்க்கா," என்றான் நண்பன். "திங்கக்கிழமை செமஸ்டர்."

"கேம் பண்ணவருக்கு மெயில் போட்டிருக்கேன், கொஞ்சம் ஈஸியாக்கிக் குடுங்கன்னு," என்றான் கண்ணாடிக்காரன்.

"அப்டியே வாத்தியாருக்கும் ஒண்ணு போட்டு வையி," என்றார் அம்மாள்.

சில மாதங்கள் கழித்து அதே ரயிலில் அந்த நண்பன் வேறொருவனிடம் சொல்லக் கேட்டேன். கேம் செய்தவரின் பதில், தேர்வு முடிவு வெளியான அன்று வந்ததாம்.