காம்ப்ளிமெண்ட் குறைந்த கதை

எனக்குத் தண்ணீர் மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும் டாக்டர். மற்றபடி என்னைப் போல அனுசரித்துப் போகிற ஆளைப் பார்ப்பது கஷ்டம். சோறு குழைந்தாலும் சாப்பிடுவேன், ஃபேன் ஓடாவிட்டாலும் தூங்குவேன். ஆனால் காலையில் குறுக்குத்துறையில் ஒரு முங்கு போட்டாக வேண்டும். குடிக்கவும் தாமிரபரணித் தண்ணீர்தான் வேண்டும். அப்பேர்ப்பட்டவனைப் போய், தொண்ணூற்று நாலில் ராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள். அங்கே உப்புத் தண்ணீரில் பருப்பே வேகாது என்று ஹெட்கிளார்க் பலவேசம் அண்ணாச்சி சொன்னார். பருப்புக்கே அந்தக் கதி.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி விஜயஸ்ரீக்கு லூபஸ் என்று கண்டுபிடித்தீர்கள். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்குகிற நோய், வெயிலே ஆகாது என்றீர்கள். அதைக் காட்டி மனுப் போட்டேன். அவளுக்குக் குணமாகும்வரை மாற்றலை நிறுத்திவைத்தார்கள். நான் சந்தோஷப்பட்டதாக நினைக்க வேண்டாம். நிம்மதிப்பட்டேன், அவ்வளவுதான்.

உங்கள் மாத்திரையில் அவள் தேறிவிட்டாள். மாதாமாதம் அவள் ரத்தத்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து மதுரை லேபுக்கு நான்தான் கொண்டுபோனேன். ரத்தத்தில் காம்ப்ளிமெண்ட் என்று ஒன்று உண்டு, நோய் கூடினால் அது குறையும், சூடு பட்டாலும் குறைந்துவிடும், பத்திரம் என்று சொன்னது நீங்கள்தான். நானாக எதையும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அந்தக் காம்ப்ளிமெண்ட் எண் ஏற ஏற, ஆபீசில் மறுபடி ராமநாதபுரம் என்று பேச்சு அடிபட்டது. அடுத்த தடவை கோவில்பட்டியில் பஸ் நின்றபோது ஐஸை எடுத்து நன்னாரி சர்பத்தில் போட்டுக் குடித்தேன். ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயை ஜன்னலோரம் வைத்துக்கொண்டேன். விஜயஸ்ரீ மேல் நான் ஒரு நாளும் வெயில் பட விட்டதில்லை. தெருவில் இறங்கினால் குடை பிடிப்பேன். அவள் ரத்தத்துக்குத்தான் கொஞ்சம் வெயில் காட்டினேன்.

எண் குறைந்தது. நீங்கள் மாத்திரையைக் கூட்டினீர்கள். ஒவ்வொரு மாதமும் அப்படித்தான். அந்த மாத்திரையில் அவளுக்கு முகம் பூரியாக உப்பியது, சர்க்கரை வந்தது, இடுப்பெலும்பு வலியில் மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. அதற்கென்ன, கீழ் வீட்டுக்கு மாறினோம். நான்தான் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனேன். இப்படி ஒரு புருஷன் அமைய வேண்டுமே என்று தெருவே சொன்னது.

எல்லாம் என் மாமியார் அன்னத்தாயால் கெட்டது. துணிக்கடையில் சேலை எடுத்தால் சும்மா ஒரு பை தருவார்களே, அந்தக் காம்ப்ளிமெண்ட் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"மாசாமாசம் லேபுக்காரன் கொறச்சே குடுக்கானாமே மாப்ளே? ரூவாய மட்டும் முழுசா வாங்குதாம்லா? நீங்க வாயில்லாப் பூச்சி. நான் வந்து கேக்கேன்."

பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு மதுரைவரை அவர்கள் இறக்கவே இல்லை. கோவில்பட்டியில் நான் வெறும் சர்பத் குடித்தேன். லேபில் இருந்த பெண்ணிடம், "எம் மவளுக்கு உள்ளத முழுசாக் குடுத்துரணும் தாயி" என்று சண்டையே போட்டார்கள். முழுசாக வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்தது.

நேற்று நீங்கள் கேட்டபோது பக்கத்தில் இருந்த விஜயஸ்ரீ, "ஐஸ என்ன செஞ்சிய?" என்று மட்டும் கேட்டாள். குடித்தேன் என்றேன். அவளிடம் நான் பொய் சொல்வதில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனாள். குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வேண்டாம் என்றுவிட்டாள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆமாம் டாக்டர், நான்தான் செய்தேன். இனி மாத்திரையைக் குறைப்பீர்கள், அவளுக்குக் குணமாகிவிடும். குணமானால் எனக்கு ஆர்டர் வந்துவிடும். அடுத்த மாதமும் அத்தை கூடவே வருவதாக நிற்கிறார்கள். லேபுக்கு ஒரு ஆள்தான் வரலாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள்.