தொட்டிப் பிள்ளைகள்

எனக்குக் கீரை பிடிக்காது. அப்படிப்பட்டவன் ஒரு கட்டுக் கீரையோடு வீடு திரும்பியபோதே என் மனைவி சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நடந்ததில் அவளுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்பதற்காகச் சொல்கிறேன், ஐயா.

இருவருக்கும் ஒரே ஆய்வகம். கடலில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்கள் நலமா என்று சொல்லும் சென்சார் ஒன்றை அவள் உருவாக்குகிறாள். அதன் லென்ஸைத் துடைப்பது நான். தண்ணீரில் நீல ஒளியை அடித்தால் பாசிக்குள் இருக்கும் பச்சையம் சிவப்பாக மினுங்கும். அந்த மினுக்கத்தைப் படித்து, திரையில் "நலம்" அல்லது "சோர்வு" என்று சென்சார் எழுதும். சோதித்துப் பார்க்க ஒரு கண்ணாடித் தொட்டி நிறையப் பாசி வளர்த்தாள். அவற்றுக்கு அவள் வைத்த பெயர் "பிள்ளைங்க".

காலையில் பையைக்கூட இறக்கி வைக்காமல், "பிள்ளைங்களா, நல்லாத் தூங்கினீங்களா?" என்பாள். எனக்கு அந்த வாரம் முழுக்க ஜலதோஷம். தும்மினேன். "லென்ஸ் பக்கம் தும்மாதீங்க, பிள்ளைங்க பயப்படும்" என்றாள்.

எனக்குக் கோபமே வரவில்லை. அன்று மாலை அவள் வீட்டுக்குக் கிளம்பியதும், பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தை எடுத்துத் தொட்டியில் ஊற்றினேன், அவ்வளவுதான். ஒரு கரண்டித் தண்ணீரில் ஒரு நகரத்து ஜனம் அளவுக்கு உயிர் இருக்குமாம். தொட்டியில் எத்தனை கரண்டி என்று நான் கணக்குப் பார்க்கவில்லை, மனசு சங்கடப்படும். திரை "சோர்வு" என்றது. பிறகு ஒன்றுமே சொல்லவில்லை.

மறுநாள் இயக்குநர் முன்னால் அவள் சென்சாரைக் காட்ட வேண்டும். சொதப்பினால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. தொட்டியைக் கழுவி, உப்புத் தண்ணீர் நிரப்பி, பச்சைக் கீரையை மிக்சியில் அரைத்து வடிகட்டி ஊற்றினேன். கீரையிலும் அதே பச்சையம்தானே? திரை "நலம்" என்றது. அவள் பிள்ளைகள் அதுவரை அவ்வளவு நலமாக இருந்ததே இல்லை.

இயக்குநர் கை தட்டினார். இவள் கண் கலங்கிவிட்டாள். "என் தங்கங்களா, மானத்தக் காப்பாத்திட்டீங்க" என்று தொட்டியைக் கட்டிக்கொண்டாள். அரைத்தவன் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

இயக்குநர் ஆசைப்பட்டு ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். "ஏம்மா, உங்க பிள்ளைங்க நடுவுல வெங்காயத் தோல் இருக்கே?" என்றார். மிக்சி ஜாரைக் கழுவாதது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

அவள் என்னைத் தனியறைக்கு இழுத்துப்போனாள். "ஏன் இப்படிப் பண்ணீங்க? வாயத் திறந்து சொல்லுங்க" என்று என் முகத்தையே பார்த்துக் கேட்டாள். மதியம் வரை திட்டினாள். நடுவே நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா உங்களுக்கு?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணமான புதிதில்கூட என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

ஆமாம், கொன்றது நான்தான். ஆனால் பாசியைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா, ஐயா? இயக்குநர் அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். புதிய பிள்ளைகள் திங்கட்கிழமை வருகிறார்கள். அவள் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும், அவர்களை நானே குளிப்பாட்டி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.