தங்கை உடம்பில் ஓடிய என் ரத்தம்

தங்கம் விற்றாலும் தம் குணத்தில் செம்பு கலக்காத தலைவர், நகைக்கடை கணேசமூர்த்தி அண்ணாச்சி அவர்களே! நரைத்த தலையும் நிறைந்த அறிவுமாய் முன்வரிசையை நிரப்பியிருக்கும் பெரியோர்களே! பிள்ளையை ஒரு கையிலும் விசிறியை மறு கையிலும் பிடித்தபடி என் பேச்சைப் பொறுத்தருள வந்திருக்கும் தாய்மார்களே! ரத்ததான முகாம் என்று தெரியாமல், டிபன் உண்டு என்று மட்டும் கேள்விப்பட்டு உள்ளே நுழைந்துவிட்ட உத்தமர்களே! அனைவருக்கும் பாண்டி பஜார் ஜவுளிக்கடை வைரவனின் வணக்கம்.

கதவைப் பார்க்காதீர்கள் ஐயா, தாழ் போட்டாயிற்று.

உங்களிடம் ரத்தம் கேட்க நம் வியாபாரிகள் சங்கம் என்னை ஏன் தேர்ந்தெடுத்தது? நான் கர்ணனா? கவசமும் இல்லை, குண்டலமும் இல்லை. இந்தத் தியாகராய நகரிலேயே 'கெட்ட ரத்தம்' என்று பட்டம் வாங்கிய ஒரே ஆள் நான்தான் என்பதால்!

என் தங்கை தங்கபுஷ்பம். கணவர் அய்யாதுரையோடு அமெரிக்கா போனவள். எழுபத்திரண்டாம் ஆண்டு அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ரத்தம் ஊறும் இடம் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை. அவளுடைய மஜ்ஜையை அழித்துவிட்டு, கூடப் பிறந்தவரின் மஜ்ஜையை ஏற்றிப் பார்க்கலாம் என்றார்கள் அங்குள்ள மருத்துவர்கள். புத்தம் புதிய வைத்தியம். பிழைத்தவர்கள் கொஞ்சம், பிழைக்காதவர்கள் அதிகம்.

பறந்தேன். பரிசோதித்தார்கள். பொருந்தியது! பத்துப் பொருத்தமும் பார்த்த கல்யாணங்களே புட்டுக்கொள்கிற உலகத்தில் எங்கள் மஜ்ஜை பொருந்தியது! என்னைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பில் நூறு இடத்தில் ஊசியால் குத்தி எடுத்தார்கள். எந்த இடம் என்று மேடையில் காட்ட இயலாது, தாய்மார்கள் இருக்கிறார்கள்.

பிழைத்தாள் தங்கபுஷ்பம்! பிறகு ஒருநாள் டிரங்க் காலில் கத்தினாள்: "ஏண்ணே, உன் ரத்தம் ஏறுனதுல இருந்து நான் குறட்டை விடுதேன்னு இவுக சொல்லுதாக!"

மூன்று ஆண்டுகள் போயின. நோய் திரும்பியது. ஆனால் எப்படித் திரும்பியது? ரத்த அணுவை உற்றுப் பார்த்தால் அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று கண்டுபிடித்துவிடலாமாம். பார்த்தார்கள். புற்று பிடித்த அணு அத்தனையும் ஆண் அணு! அய்யாதுரை மைத்துனர் கடிதம் எழுதினார்: "மச்சான், வந்திருப்பது பழைய நோய் இல்லை. நீங்கள் கொடுத்த அணுக்களே அவள் உடம்பில் புற்றாக மாறியிருக்கின்றன." கடையில் நின்றபடி மூன்று முறை படித்தேன். நான்காவது முறை எழுத்து தெரியவில்லை.

பின்வரிசையில் யாரோ ஏதோ கேட்கிறாரே? சத்தமாகக் கேளுங்கள்.

"இன்னா நைனா, அப்போ உனுக்கும் அந்த சீக்கு கீதா?"

நல்ல கேள்வி! நானும் அதைத்தான் கேட்டேன். நான்கு முறை சோதித்தார்கள். என் ரத்தத்தில் ஒரு குற்றமும் இல்லை. இன்றுவரை இல்லை. என்னிடம் ஒழுங்காக இருந்த அணு அவளிடம் போய் ஏன் கெட்டது? அமெரிக்க மருத்துவர்கள் கையை விரித்தார்கள்: "தெரியாது." அத்தனை படித்தவர்கள் தெரியாது என்றதை நம் தெரு தெரியும் என்றது! பால்காரருக்குத் தெரிந்தது, பல் குத்திக்கொண்டு நின்றவருக்கும் தெரிந்தது! என் மகளுக்குப் பேசிய சம்பந்தம் நின்றது. மயிலாப்பூர் வேதாந்தம், என் பழைய வாடிக்கைக்காரர், நேராகவே கேட்டார்: "ஓய் வைரவன், உம்ம ரத்தத்துலயே கோளாறுன்னு பேசிண்டிருக்காளே, வாஸ்தவமா?"

சிரித்து மழுப்பினேன். ஆனால் தாய்மார்களே, உள்ளுக்குள் நானும் அதை நம்பினேன். கூடப் பிறந்தவளைக் கொன்றுகொண்டிருப்பவன் நானே என்று நம்பினேன்.

மருந்தில் நோய் சற்று அடங்கியதும் ஊர் பார்க்க வேண்டும் என்று வந்தாள். வந்த பத்தாம் நாள் சோர்ந்து விழுந்தாள். மருத்துவமனையில் ரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். பொருந்துகிற ரத்தம் யாருடையது? என்னுடையது! நான் மாட்டேன் என்று வராந்தாவில் தூணோடு தூணாக நின்றுகொண்டேன். கூப்பிட்டாள்.

"ஏண்ணே, அங்க என்ன தூணுக்கு முட்டு குடுக்கியா? உள்ள வா."

"வேண்டாந் தாயி. நான் குடுத்ததுதானே உன்னைய..."

"உன் வீட்டுல ஒழுங்கா இருந்த பிள்ளை. என் வீட்டுக்கு வந்துல்லா கெட்டுப்போச்சு! வளர்ப்பு சரியில்லன்னு என்னையல்லா ஏசணும்?" சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "மூணு வருசம்ணே. என் மவளைப் பள்ளிக்கூடத்துல சேத்தேன், தலை பின்னி விட்டேன். அதெல்லாம் யார் ரத்தத்துல செஞ்சேன்? கைய நீட்டு."

நீட்டினேன்.

இன்னும் ஐந்து மாதம் இருந்தாள். தெம்பான நாளெல்லாம் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். வேதாந்தம் ஒருநாள் வந்தபோது, "ஐயா, எங்க அண்ணன் ரத்தம் ஓடுத கை இதுதான். தொட்டுப் பாருங்க, ஒட்டுதான்னு" என்று கையை நீட்டினாள். மனிதர் முகம் சிவந்து, தேவையே இல்லாமல் இரண்டு வேட்டி வாங்கிக்கொண்டு போனார்!

ஆடித் தள்ளுபடி நடக்கும்போது போய்ச் சேர்ந்தாள். "நான் போனாலும் கடையை மூடாதே, வியாபார நேரம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூடினேன். அந்த ஒன்றில் மட்டும் அவள் பேச்சை நான் கேட்கவில்லை.

பெரியோர்களே! நான் கொடுத்தது நோயா? இல்லை! நான் கொடுத்தது மூன்று ஆண்டு! ஒரு மகளுக்குத் தாயைக் கொடுத்தேன், ஒரு கணவனுக்கு மனைவியைக் கொடுத்தேன்! பிறகு நடந்தது மருத்துவமும் இன்னும் அறியாத விபத்து. விபத்துக்கு அஞ்சி விளக்கேற்றாமல் இருப்பீர்களா? வீண்பேச்சுக்கு அஞ்சி விரல் மடக்கி நிற்பீர்களா? கேட்பவர் கட்டிலில் கிடக்கிறார். கொடுப்பவர் யோசித்துக்கொண்டு நிற்பதா?

அதோ ஆறு கட்டில் போட்டிருக்கிறது. முதல் கட்டில் எனக்கு. இரண்டாவது தலைவர் அவர்களுக்கு. அண்ணாச்சி, முறைக்காதீர்கள், ஊரே பார்க்கிறது! மற்ற நான்கும் முந்துபவர்களுக்கு. இத்தனை நேரம் என்னைச் சகித்த செவிகளுக்கு நன்றி. இனிமேல் நீட்டப்போகும் கைகளுக்கு முன்கூட்டியே வணக்கம். சட்டைக் கையை மடியுங்கள், வாருங்கள்!