இரண்டாவது ஒப்புதல்

எதுவும் இடம் மாறிக் கிடந்தால் எனக்குப் பொறுக்காது. மாத்தே என்கிற இலைத் தேநீர் குடிக்கிற குழலைக்கூடக் கழுவி ஒரே பக்கமாகத்தான் சாய்த்துவைப்பேன். என் பெயர் அன்செல்மோ பர்ரியா, ஊரில் மரியாதையாகத் தோன் அன்செல்மோ. சிலோயே தீவில் ஒரு நூலகத்தில் காலமெல்லாம் புத்தகம் அடுக்கியவன். ஓய்வு பெற்றதும் கனேலோவின் வழிகாட்டிப் பக்கங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன் என்பதே சரி.

கனேலோ, கணினிக்கு நிரல் எழுதும் மொழி. எங்கள் தெற்கத்திப் பிள்ளைகள் தொடங்கியது. யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். மீன் பண்ணைக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் தாங்கள் கற்றதையெல்லாம் எழுதிப் போட்டிருந்தார்கள். யாரும் எதையும் அடுக்கவில்லை. சந்தை முடிந்த தெருவைப் போலக் கிடந்தது. பார்த்த முதல் நாளே என் கை துறுதுறுத்தது.

ஒரே ஒரு விதி உண்டு. எழுதியவரே தன் பக்கத்தை வெளியிட முடியாது. இன்னொரு காப்பாளர் ஒப்புதல் தர வேண்டும். காப்பாளர்கள் நாங்கள் இருவர்தான், நானும் தாதேயோ ஓயார்சோவும். தாதேயோவுக்கு முப்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடத் தெரியாது. புந்தா அரேனாஸ் நகரில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு எங்கள் தீவுக்கு வந்தவன், வீட்டுக்கு ஒரு வார்த்தை எழுதியதில்லை. நான் அனுப்பும் பக்கங்களை ஒரே வாக்கியத்தோடு திருப்பி அனுப்புவான்: "இதை யாருக்காக எழுதினீங்க?"

எனக்கு அவன்மேல் வெறுப்பு இல்லை. இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாப் பக்கங்களையும் புதிய வரிசைக்கு மாற்ற நான் ஒரு திட்டம் வரைந்தேன். அதற்காக எதிர்த்தீவில் ஒரு மிங்கா கூட்டினோம். மிங்கா என்றால் ஊர் கூடிச் செய்கிற கூலியில்லாத வேலை. எருதுகளைப் பூட்டி ஒருவருடைய வீட்டையே பெயர்த்து இன்னோர் இடத்துக்கு இழுத்துப்போவார்கள், அவர் எல்லோருக்கும் சோறு போடுவார். நாங்கள் பக்கங்களை இழுத்தோம். மில்காவோ என்கிற உருளைக்கிழங்கு அடையைத் தின்றுகொண்டே ஆளாளுக்கு என் வரிசையைப் பாராட்டினார்கள். தாதேயோ மட்டும் அடுப்போரமாக உட்கார்ந்து, கூடாது என்று தலையாட்டினான்.

"வீட்ட நகத்துறீங்க சரி, உள்ள குடியிருக்கிறவன்கிட்ட கேட்டீங்களா? பழைய லிங்க் எல்லாம் செத்துப்போகும். வாத்தியாருங்க அதைத்தான் பிள்ளைங்களுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க."

"புதுசா எழுதிக் குடுக்கட்டும்" என்றேன்.

"நீங்க அலமாரிக்காக வேல பாக்குறீங்க, தோன் அன்செல்மோ. படிக்கிறவனுக்காக இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒப்புதல் தரமாட்டேன் என்று அவன் சொன்னபோது எவரும் அவனை மறுத்துப் பேசவில்லை. அது எனக்கு வலித்தது.

மறுநாள் காலை மற்றவர்கள் பெரிய படகில் போய்விட்டார்கள். நானும் அவனும் என் சிறிய படகில் பனிமூட்டத்துக்குள் கடந்தோம். எங்கள் பக்கத் துறைப்படியில் கால் வைக்கும்போது அவன் வழுக்கி விழுந்தான். தீவுகளுக்கு நடுவே ஓடும் எங்கள் கடற்கால்வாய்த் தண்ணீர் குளிர்ச்சி. விழுந்தவரை அதிக நேரம் விட்டுவைக்காது. நீரோட்டம் வேறு. துறையில் யாருமில்லை. அவனுடைய பை மட்டும் படகில் இருந்தது.

வீட்டுக்கு வந்து அவன் மடிக்கணினியைத் துடைத்துத் திறந்தேன். கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. என் பக்கங்கள் ஒப்புதலுக்காக அங்கே வரிசையில் நின்றன. கொடுத்தேன்.

அவன் எங்கே என்று அந்த வாரம் சிலர் கேட்டார்கள். கோபித்துக்கொண்டு வடக்கே போயிருப்பான் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நேற்றுகூட ஒப்புதல் கொடுத்திருக்கிறானே, அப்புறமென்ன என்று விட்டுவிட்டார்கள். எந்தப் படகும் தேடிப் போகவில்லை. அதன்பின் மேசையின் இந்த முனையில் என் கணினி, அந்த முனையில் அவனுடையது. நான் எழுதுவேன், எழுந்து போய் அங்கே உட்கார்ந்து அவனாகப் படிப்பேன். நியாயமாகவே படித்தேன். சில பக்கங்களைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறேன்.

புதிய வரிசையைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். தாதேயோ சொன்னபடி பழைய இணைப்புகள் அறுந்தன. அறுந்த இணைப்புகளைப் பற்றி விடாமல் எழுதியவள் நியேவெஸ் என்ற ஒரு பெண். நான் அவன் பெயரில் "நன்றி, சரிசெய்துவிட்டேன்" என்று பதில் போடுவேன். அடுத்த நாளே இன்னொன்றைக் கண்டுபிடித்து வருவாள். நிரல் எழுதத் தெரியாதவள் இதை ஏன் இவ்வளவு துருவுகிறாள் என்று எனக்கு வியப்பாக இருந்தது. பிறகு ஒருநாள் அறுந்த இணைப்புக்குக் கீழே எழுதியிருந்தாள்.

"தாதே, நான் ஒன் அக்காதான்னு ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீ டிக் போட்டு ஒன் பேருக்குப் பக்கத்துல பச்சைக் கட்டம் வந்தா, தம்பி இன்னிக்கு வேல பாத்திருக்கான், நல்லா இருக்கான்னு அம்மாகிட்ட சொல்லுவேன். அம்மா இப்ப படுத்த படுக்கையா கெடக்குறாங்க. ஒன் பேரத்தான் சொல்றாங்க. அப்பாவே வரச் சொல்லிட்டாரு. ஒரு தடவ மூஞ்சியக் காட்டிட்டுப் போடா."

நான் வெகுநேரம் யோசித்தேன். அவன் போக முடியாது. போக முடியாததற்குக் காரணமும் சொல்ல முடியாது. வழக்கப்படி ஒவ்வொரு முறையீட்டுக்கும் ஒரு பதில் வேண்டும். "ஆவணங்களுக்குத் தொடர்பில்லாதது" என்ற அடையாளமிட்டு, அவன் பெயரில் மூடினேன்.

அவள் மறுநாளும் ஓர் அறுந்த இணைப்பைப் பற்றி எழுதினாள், எதுவும் நடக்காததுபோல. நன்றி சொன்னேன். சில வாரங்கள் கழித்து எழுதினாள்: "அம்மா போயிட்டாங்க. பக்கத்துக்கெல்லாம் டிக் போட நேரம் இருக்கு, பெத்தவளப் பாக்க நேரமில்லையான்னு கேட்டுட்டே போனாங்க." அதையும் மூடினேன். அடையாளம் அதேதான், ஒரே வகைக்கு இரண்டு அடையாளம் வைப்பது நல்ல பழக்கமில்லை.

அதற்குப் பிறகுதான் தொந்தரவு ஆரம்பித்தது. ஒரு காலை மாத்தேவுக்குத் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. முந்தின நாள் நான் எழுதிய பக்கம் திரும்பி வந்திருந்தது. கீழே ஒரு வாக்கியம்: "இதை யாருக்காக எழுதினீங்க?" நான் அந்த முனைக்குப் போய் உட்கார்ந்த ஞாபகமே இல்லை. வயதாகிறது, மறதியில் நானே தட்டியிருப்பேன் என்று வைத்துக்கொண்டேன். அவன் கணினியின் விசைகளில் ஈரம் இருந்தது. மழைக்காலத்தில் எங்கள் வீடுகளில் எல்லாமே ஈரம்தான்.

அன்றிலிருந்து ஒரு பக்கமும் நகரவில்லை. எதை அனுப்பினாலும் அதே கேள்வியோடு திரும்பி வந்தது. அவன் கணினியை அணைத்து மின்வடத்தையும் பிடுங்கிவைத்தேன், அப்போதும் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் பயத்தைவிட, நூற்றுக்கணக்கான பக்கங்கள் பாதியில் நிற்கின்றனவே என்ற வேதனைதான் அதிகம்.

அதனால்தான் இந்தப் பக்கத்தை எழுதினேன். எழுதி, மற்ற எந்தப் பக்கத்தையும்போல ஒப்புதலுக்கு அனுப்பினேன். இதுவும் திரும்பி வந்தது. இந்த முறை கேள்வி இல்லை. அவன் வழுக்கி விழுந்ததாக நான் சொன்ன இடத்தில், பிழை என்று மட்டும் குறித்திருந்தது.

திருத்துகிறேன். வழுக்கி விழுந்தது உண்மை. ஆனால் விழும்போதே படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "தோன் அன்செல்மோ, கையக் குடுங்க" என்றான். அந்தப் பக்கங்களுக்கு ஒப்புதல் தருகிறாயா என்று கேட்டேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான், பல் கிடுகிடுத்தது. "இப்பவா கேப்பீங்க? மொதல்ல கையக் குடுங்க, அப்புறம் சண்ட போடலாம்." யோசித்துச் சொல் என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "முடியாது" என்றான். நான் குனிந்து கயிற்றின் முடிச்சை அவிழ்த்து விட்டேன். அவன் கை அதை விடவே இல்லை, கயிற்றோடுதான் போனான்.

இதைத் திருத்தி மறுபடி அனுப்பிவிட்டுத் தண்ணீர் வைக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் ஒப்புதல் வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கியது. ஆரம்பத்திலிருந்தே நாங்கள் இருவரும் இப்படி ஒத்துப்போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இந்தப் பக்கத்தில் ஏதாவது இணைப்பு திறக்கவில்லை என்றால் நியேவெஸ் எழுதட்டும். வழக்கம்போல தாதேயோ பதில் சொல்லுவான்.